மாமாவின் கழலையும் கன்னத்து வெள்ளையும்

சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்த கோடையில், எங்கள் மருத்துவக் கல்லூரியிலும் வகுப்புகளை நிறுத்திவிட்டார்கள். மாணவிகளைத்தான் முதலில் ரயிலேற்றினார்கள். நான் அப்போது மூன்றாம் வருஷம். டிரங்குப் பெட்டியில் பாதி இடத்தை, நோய்களைப் பற்றிய பேத்தாலஜிப் புத்தகம் ஒன்றே பிடித்துக்கொண்டது. அதில் கட்டிகளைப் பற்றிய பகுதியை அந்த வாரந்தான் ஆரம்பித்திருந்தோம். புதிதாகச் சைக்கிள் ஓட்டக் கற்றவன் தெருவையெல்லாம் சுற்றி வருவதுபோல, எனக்கும் யாரைப் பார்த்தாலும் எங்காவது ஒரு கட்டி இருக்காதா என்றிருந்தது. அந்த ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரின் காதோரம் ஒரு பரு. விழுப்புரம் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அப்பாவுக்குக் காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்பு. கோடையில் முந்திரிக்கொட்டை குவிந்து வீட்டில் காலெடுத்து வைக்க இடமிருக்காது, படிப்பு நடக்காது. ஆகவே பண்ருட்டியில் இறங்க வேண்டியவள் இறங்காமல் நேரே சிதம்பரத்துக்குப் போய்விட்டேன். அங்கே மாமா வீடு. பள்ளிக்கூடம் படித்ததெல்லாம் அந்த வீட்டிலிருந்துதான். இன்னொரு காரணமும் உண்டு. மாமாவின் பிடரியில் ஒரு கட்டி இருந்தது.

மாமா என் அம்மாவுக்கு மூத்தவர். கீழ வீதியில் பாத்திரக் கடை வைத்திருந்தார். அவர் பேசி யாரும் கேட்டதில்லை. ஊமையல்ல, வாய் நிறைய வெற்றிலை. எழுந்து பல் தேய்த்ததும் போடும் வெற்றிலை பாக்கு, சுண்ணாம்பு, யாழ்ப்பாணப் புகையிலைக் கட்டையை இடக் கன்னத்தில் ஒதுக்கினால், படுக்கப் போகும்போதுதான் துப்புவார். நடுவில் சாப்பிடுவதற்கு மட்டும் விடுமுறை. மற்ற நேரமெல்லாம் 'ம்' ஒன்றுதான் பாஷை. அந்த 'ம்'மில் நாலைந்து தினுசு உண்டு. மிகவும் அவசியமென்றால் மோவாயைக் கூரைக்கு உயர்த்தி, கீழுதட்டைக் கிண்ணம்போல் வைத்துக்கொண்டு, மெய்யெழுத்தே இல்லாத ஒரு வாக்கியம் சொல்வார். அதை அத்தைதான் மொழிபெயர்ப்பாள். மாமாவைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் அந்த வேலையில் இருந்தாள். தனக்குச் சாதகமாகத்தான் மொழிபெயர்க்கிறாள் என்று எனக்குச் சின்ன வயதிலேயே சந்தேகம்.

கடையில் இது பெரிய வசதி. அண்டா வாங்க வந்தவர்கள் விலையைக் குறைக்கச் சொல்லி என்னதான் கெஞ்சினாலும், சண்டைக்கு வந்தாலும், மாமா அண்டாவை விரலால் ஒரு தட்டுத் தட்டி, அது கணீரென்று சொல்வதைக் கேட்கச் செய்து, 'ம்ஹூம்' என்பார். வாய் திறக்காதவரிடம் யார் பேரம் பேச முடியும்?

கட்டிக்கு வருகிறேன். பிடரிக்குக் கீழே, விளாம்பழ அளவில், மெத்தென்று இருக்கும். சுண்டைக்காய் அளவில் ஆரம்பித்து, கடை வளர வளர அதுவும் வளர்ந்ததாகச் சொல்வார்கள். ராசியான கட்டி என்று கீழ வீதியில் அதற்கு நல்ல பெயர். பக்கத்துத் துணிக்கடைக்காரர் காலையில் போணிக்கு முன்னால் வந்து, மாமாவின் தோளில் கை வைப்பதுபோல் வைத்து, அதையும் தொட்டுவிட்டுப் போவார். மாமா கண்டும் காணாமல் இருப்பார்.

வந்த மறுநாளே மாமாவை முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துக் கட்டியைப் பரிசோதித்தேன். அழுத்தினால் வலி இல்லை. மேல்தோல் தனியாக நகர்ந்தது. ஓரத்தை விரலால் அழுத்தினால், மீன்குஞ்சு மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. புத்தகத்தில் அப்படியே போட்டிருந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"லைபோமா மாமா. கொழுப்புக் கட்டி. நல்ல ஜாதி. சுத்தி ஒரு உறை இருக்கும். பலாக்கொட்டைய அழுத்தினா உறையை விட்டு வெளிய வருமே, அந்த மாதிரி முழுசா எடுத்துடலாம்."

"ம்," என்றார் மாமா. திருப்தியான 'ம்'.

அத்தை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். "அது நல்ல ஜாதின்னா, கெட்ட ஜாதி எது?"

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். உறைக்குள் அடங்கி, இருந்த இடத்திலேயே இருந்து, மெல்ல வளர்வது நல்லது. வேலி தாண்டிப் பக்கத்துச் சதைக்குள் இறங்குவது, ரத்தத்தில் ஏறி வேறு ஊருக்குக் குடிபோவது கெட்டது. நல்லதில் கொழுப்பிலிருந்து வந்தால் லைபோமா, நாரிலிருந்து வந்தால் ஃபைப்ரோமா, எலும்பிலிருந்து வந்தால் ஆஸ்டியோமா. கெட்டதில் தோல் வகையில் வந்தால் கார்சினோமா, சதை எலும்பு வகையில் வந்தால் சார்கோமா.

"என்னாடி இது, எல்லாத்திலயும் ஓமத்தை அள்ளிப் போட்டு வெச்சிருக்கான்," என்றாள் அத்தை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கட்டிகளுக்கு ஓமம் என்று பெயர் வந்துவிட்டது. மாமாவுடையது நல்ல ஓமம்.

நாலைந்து நாள் கழித்து, கடையடைத்து மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில், மாமா மறுபடி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, மோவாயை உயர்த்தி ஏதோ சொன்னார்.

"கெட்ட ஓமம் எதனால வருதுன்னு கேக்கறாங்க," என்றாள் அத்தை.

அதுவும் என் புத்தகத்தில் இருந்தது. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். சீமையில் அந்தக் காலத்தில் புகைபோக்கிக்குள் ஏறிக் கரி சுரண்டியவர்களுக்குத் தொடையிடுக்கில் வந்ததாம். மாமா கையை விரித்தார். நான் புகைபோக்கி ஏறியவனல்ல என்று அர்த்தம். சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு மூத்திரப் பையில். மாமா மீண்டும் கையை விரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடித்த புதிதில் அதைக் கையில் வைத்து விளையாடிய டாக்டர்களுக்குக் கையிலே. அதற்கும் கை விரிப்பு. காஷ்மீரத்தில் குளிருக்காகக் கணப்புச் சட்டியை வயிற்றோடு கட்டிக்கொள்கிறவர்களுக்கு வயிற்றுத் தோலில்.

"இந்த வெய்யில்ல நமக்குச் சட்டி வேற கட்டணுமா," என்றாள் அத்தை விசிறிக்கொண்டே.

"ஜப்பான்ல ஒருத்தர் முயல் காதுல தாரைப் பூசிப் பூசி, மாசக் கணக்கா விடாம பூசி, புற்று வரவெச்சே காட்டிட்டார்."

மாமா இதற்கு மோவாயைத் தூக்கி நீளமாகச் சொன்னார். அத்தை ஆர்வமாக மொழிபெயர்த்தாள்: "குண்டு போட வர்றதுக்கு முன்னாடி முயல் காதுல தார் பூசிக்கிட்டா இருந்தானுங்கன்னு கேக்கறாங்க."

இதுவரை மாமா மிகவும் உற்சாகமாக இருந்தார். ஒவ்வொரு காரணமும் வேறு யாருக்கோ, எங்கேயோ. நான் அடுத்த வரியைப் படித்தேன். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடப் போனேன்.

"என்னாடி போட்டிருக்கு?"

"இந்தியாவில," என்றேன். "வெத்தலையும் சுண்ணாம்பும் பொயலையும் கன்னத்துல ஒதுக்கி வெச்சிக்கிறவங்களுக்கு... வெச்ச எடத்துலயே."

அத்தையின் விசிறி நின்றது. மாமா கையை விரிக்கவில்லை. எழுந்து கொல்லைப்புறம் போனார். துப்புகிற சத்தம் கேட்டது, பிறகு செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம், வெகுநேரம் கொப்பளிக்கும் சத்தம். திரும்பி வந்து என் முன்னால் நின்று, முழுசாக, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டார்:

"எவ்ளோ நாளு வெச்சிருந்தா வரும்?"

அந்தக் குரல் எனக்குப் பழக்கமில்லாதது. மெல்லிய, கொஞ்சம் கீச்சென்ற குரல். அந்த உடம்புக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"தெரியல மாமா. வாயைத் திறங்க, பாப்போம்."

வெளிச்சத்துக்காக முற்றத்துக்கு அழைத்துப்போய் அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். இடக் கன்னத்தின் உட்புறம், கட்டையை வைக்கும் இடத்தில், சுவரில் சுண்ணாம்பு அடித்ததுபோல ஒரு வெள்ளை. அதன் நடுவே அரிசியளவுக்குச் சிவந்து சொரசொரவென்றிருந்தது. விரலை விட்டுத் தடவினேன். வலிக்கவில்லை என்றார். வலித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

பிடரியில் விளாம்பழம், வாயில் அரிசி. ஊரே விளாம்பழத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவாயிற்று. ஆனால் மாமா ஒரு நிபந்தனை போட்டார். வாய் விஷயம் வெளியே தெரியக் கூடாது. கட்டியைக் காட்டப் போவதாகத்தான் தெருவுக்குச் சொல்ல வேண்டும். அத்தை அப்படியே சொன்னாள். விளைவு, புறப்படுகிற அன்று காலையில் கீழ வீதி முழுக்க வாசலில் நின்றது. துணிக்கடைக்காரர் கலங்கிப்போயிருந்தார்.

"அண்ணே, நல்லா ஓடிக்கிட்டிருக்கிற கடை. யாரோ சொன்னாங்கன்னு அதுல போயி கத்தி வெக்காதீங்க. காட்டிட்டு மட்டும் வந்துடுங்க," என்று சொல்லி, இந்த முறை மறைக்காமலே, இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ரயிலில் பட்டாளத்துக்காரர்கள் கூட்டம். அத்தைக்கு மட்டும் இடம் கிடைத்தது. நானும் மாமாவும் கதவோரம் நின்றோம். பரங்கிப்பேட்டை தாண்டியதும் மாமா என் பக்கம் குனிந்தார்.

"பாப்பா. வாயில இருக்கிறதுக்கு என்னா பேரு?"

"கண்ணால பாத்துப் பேரு வெக்க முடியாது மாமா. ஒரு துணுக்கு எடுத்துச் சாயம் போட்டு, கண்ணாடியில வெச்சுப் பெருசாக்கிப் பாக்கணும். அப்பதான் நல்லதா கெட்டதான்னு தெரியும்."

"கெட்டதா இருந்தா?"

"சின்னதா இருக்கு. வெட்டி எடுத்துடலாம்."

அவர் வெளியே உப்பங்கழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உங்க அத்தைக்கு நீச்சல் தெரியாது," என்றார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. பயத்தில் மனிதர்கள் எதையாவது சொல்வார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கி, ஜட்கா வண்டி பிடித்து, ஆஸ்பத்திரி இருக்கும் மஞ்சக்குப்பம் போனோம். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர்கள் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால், ஓய்வுபெற்ற ஒருவரைத் திரும்ப அழைத்து உட்காரவைத்திருந்தார்கள். சிறுத்த உருவம், தடித்த கண்ணாடி. மாமாவுக்கு வாயைக் காட்டத் துணிச்சல் வரவில்லை. துண்டை எடுத்துவிட்டு முதலில் முதுகைத் திருப்பினார். டாக்டர் விரலால் ஒருமுறை தொட்டுவிட்டுச் சொன்னார்:

"கொழுப்பு."

மாமா திரும்பினார். "யாருக்குக் கொழுப்புங்கறீங்க?"

"உமக்குத்தான்."

"கீழ வீதியில வந்து கேட்டுப் பாருங்க, நான் யாரையாவது அதட்டிப் பேசினதுண்டான்னு."

நான் குறுக்கே பாய்ந்து விளக்குவதற்குள் அத்தை, "அவுங்க பேசினதே இல்லீங்க," என்று சாட்சி சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மருத்துவ மாணவி என்பதைச் சொல்லி, வந்த காரணத்தையும் சொன்னேன். அவர் மாமாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கட்டிக்கு ஒரே சொல் சொன்ன மனிதர், இதற்கு ஒன்றுமே சொல்லவில்லை. மரத்துப்போக மருந்து தடவி, அரிசியோடு சேர்த்து ஒரு துணுக்கைக் கத்தரித்துச் சின்னப் புட்டியில் போட்டார்.

"இது சென்னைக்குப் போயி வரணும். அங்க பாதி எடம் பூட்டிக் கெடக்கு. நாளாகும். அதுவரைக்கும் பொயலை வாயில படக் கூடாது," என்றார்.

அந்தக் காத்திருப்பு நாட்களில்தான் எங்கள் வீட்டில் யாரும் எதிர்பாராதது நடந்தது. மாமா பேச ஆரம்பித்தார்.

வாய் சும்மா இருந்தால் கை தானாக வெற்றிலைப் பெட்டிக்குப் போகிறது என்பதால், எதையாவது பேசிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது என்று அவரே சொன்னார். காலையில் எழுந்ததும் முந்தின நாள் கனவில் தொடங்குவார். காப்பியில் தண்ணீர் ஜாஸ்தி என்பார். கல்யாணத்தன்று அத்தையின் பெரியப்பா தன்னைப் பந்தியில் மூன்றாவது வரிசையில் உட்காரவைத்ததைச் சொல்வார். இத்தனை வருஷமாக அவ்வளவும் கன்னத்துக்குள்ளே ஒதுங்கியிருந்திருக்கிறது. அத்தை முதல் இரண்டு நாள் ஆசையாகக் கேட்டாள். மூன்றாம் நாள் என்னை அடுக்களைக்குள் இழுத்து, "கொஞ்சம் சும்மா இருக்கறதுக்கு ஏதாவது மருந்து போட்டிருக்கானாடி உன் புஸ்தகத்துல?" என்று கேட்டாள்.

அவள் இத்தனை காலம் செய்த மொழிபெயர்ப்பும் அம்பலமாயிற்று. "நான் எப்ப உங்க அக்கா வீட்டுக்கு வெங்கலப் பானை குடுக்கச் சொன்னேன்?" என்று மாமா கேட்டதையும், "அப்ப நீங்க ம்னு சொன்னீங்களே," என்று அத்தை சொன்னதையும் நானே கேட்டேன்.

கடையிலோ நிலைமை மோசம். யுத்தத்தால் பித்தளை வருவது குறைந்திருந்த நேரம். இருக்கிற சரக்கை நல்ல விலைக்கு விற்கலாம். ஆனால் மாமா இப்போது ஒவ்வொரு பேரத்துக்கும் பதில் சொன்னார். பதில் சொன்னால் மறுபதில் வரும். மறுபதிலுக்கு இவர் காரணம் சொல்வார். கடைசியில் மனமிரங்கிக் கொடுத்துவிடுவார். அவ்வளவு இளகிய மனசு அவருக்கு என்பதும் அதுவரை யாருக்கும் தெரியாது.

ஆனாலும் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் யாருக்கும் தெரியாமல் கண்ணாடி முன் நின்று, கன்னத்தை விரலால் இழுத்துப் பார்ப்பார். அப்போது மட்டும் பேச மாட்டார்.

மறுபடி கடலூர் போனபோது சென்னையிலிருந்து சாயம் போட்டு வந்த துணுக்கை வைத்து, டாக்டர் எங்களுக்காகவே பித்தளை மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் எடுத்துவைத்திருந்தார். மாமாவை உட்காரச் சொல்லி, முதலில் விஷயத்தைச் சொன்னார்.

"கெட்டதுதான். ஆனா இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. மேல்தோலோட நிக்குது. கீழ இறங்கல. சுத்தியும் கொஞ்சம் சேத்து வெட்டிட்டா போயிடும்."

அத்தை என் கையைப் பிடித்தாள். வலிக்கிற அளவுக்குப் பிடித்தாள். நான் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தேன். ஊதாவும் ரோஜா நிறமுமாகச் செல்கள். மேலே குழப்பம், அதற்குக் கீழே இழுத்த கோடு மாதிரி எல்லை. அந்தக் கோடு எங்கேயும் அறுந்திருக்கவில்லை. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை இரண்டு தடவை பார்த்தேன். பரீட்சைக்காகப் படித்த அந்தக் கோட்டின் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் வரும் என்று நினைத்ததில்லை.

"நகரு, நானும் பாக்கறேன்," என்றார் மாமா. "என்னோடதுதானே?"

ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். டாக்டர் பக்கத்திலிருந்து, எது நல்ல இடம், எது கெட்ட இடம் என்று காட்டினார்.

"இந்தப் பக்கம் அடுக்கு சரியா இருக்கு," என்றார் மாமா. "அந்தப் பக்கம் கடைக்குள்ள மாடு பூந்த மாதிரி இருக்குதே."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அதேதான்யா." பிறகு, "மயக்க மருந்து எப்படியும் குடுக்கப்போறோம். முதுகுல இருக்கறதையும் சேத்து எடுத்துடட்டுமா?" என்று கேட்டார்.

மாமா பிடரியைத் தடவிப் பார்த்தார். "அது ஒழுங்கா ஒரு எடத்துல இருக்கு. ஒழுங்கா இருக்கறதை எதுக்கு வெளிய தள்ளணும்? விட்டுடுங்க."

அறுவை நல்லபடி முடிந்தது. கன்னம் ஆறும்வரை கஞ்சிதான். பேசவும் கூடாது என்று உத்தரவு. அந்த நாட்களில் அத்தையின் முகத்தில் நல்ல தெளிவு. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரிகளோடு நிம்மதியாகக் கதை பேசினாள். வெட்டிய துண்டின் ஓரங்களிலும் கெட்டது இல்லை என்று சென்னையிலிருந்து பதில் வந்தது. மாமாவால் முன்போல அகலமாக வாயைத் திறக்க முடியவில்லை. பேசுவதற்கு அவ்வளவு அகலம் தேவைப்படவில்லை.

கல்லூரி திறந்து நான் சென்னைக்குப் போய்விட்டேன். பிறகு நடந்ததை, மார்கழித் திருவாதிரைக்கு வந்தபோதுதான் கேட்டும் நேரில் பார்த்தும் தெரிந்துகொண்டேன்.

மாமா கடைக்கு வருகிற ஆண் பெண் யாரையும் விடுவதில்லை. குடத்தைக் கையில் எடுத்தால், "அது இருக்கட்டும், வாயைத் தொறங்க," என்பார். சிலர் கோபித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். சந்தேகமென்று பட்டவர்களைத் தன் செலவில் கடலூருக்கு ரயிலேற்றினார். பெரும்பாலும் பல் குத்திய புண்ணோ, சூடு பட்ட கொப்புளமோதான். ஆனால் குமராட்சிப் பக்கத்திலிருந்து மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்க வந்த ஒரு விவசாயிக்குக் கன்னத்தில் காலணாக் காசளவு குழி. கழுத்திலும் கல்போல நெறி. அவரைச் சென்னைக்கு அனுப்பி ரேடியம் வைத்தும் பலனில்லை. கல்யாணத்தை மட்டும் பார்த்தார். மாமா அந்தச் சாவுக்குப் போய்விட்டு வந்து, ஒரு வாரம் யாரையும் வாய் திறக்கச் சொல்லவில்லை. அத்தைதான், "போங்க, போயி பாருங்க. நீங்க பாக்காட்டி வேற யாரு பாக்கப் போறா," என்று அனுப்பினாளாம்.

திருவாதிரைக் கூட்டத்தில் கடையில் நிற்க இடமில்லை. அதற்குள் விஷயம் சுற்று வட்டாரத்துப் பெண்களிடையே பரவியிருந்தது. பாத்திரம் பார்க்கலாம் வாங்க என்று சொல்லி, வெற்றிலை போடும் புருஷன்மாரை அழைத்து வந்துவிடுவார்கள். உள்ளே வந்த பிறகுதான் அந்த மனிதர்களுக்கு விவரம் தெரியும். கடைப் படியில் வெயிலைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டிருந்தார்கள். அத்தை ஒவ்வொருவருக்கும் கொப்பளிக்கச் செம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தாள். மாமா கையில் டார்ச்சு விளக்கோடு, பேசிக்கொண்டே, ஒவ்வொரு வாயாக எட்டிப் பார்த்தார்.

விடுமுறை முடிந்து திரும்பும் வழியில் கடலூரில் இறங்கி டாக்டரைப் பார்க்கப் போனேன். வெளியே பெஞ்சியில் சிதம்பரத்து முகங்கள் பல. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"உங்க மாமா ஊர்ல பாதிப் பேரை அனுப்பிட்டாரு. மீதிப் பேர் எப்ப வருவாங்கன்னு கேட்டுச் சொல்லும்மா. நான் சாப்பிடப் போகணும்," என்றார்.